மூக்கின் இரண்டு சாட்சி

என் தம்பி காசிநாதன் ஒருவரைப் பழிவாங்குவதற்காகவே தண்ணீருக்குள் மூச்சுவிடக் கற்றுக்கொண்டவன். கூடப் பிறந்த தம்பி இல்லை, சித்தப்பா மகன். காஞ்சிபுரத்து நெசவுக்காரப் பிள்ளைக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் பாலாற்றில் தண்ணீர் ஓடினால் பிள்ளைகுட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்போம். கோயில் குளத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போடுவதோடு எங்கள் நீச்சல் முடிந்துபோகும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் மதராஸ் துறைமுகத்தில் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கப்பலுக்கு அடியில் வேலை பார்த்தான் என்றால், அது வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் இருக்காது.

பழிவாங்குவது பாவம் என்று நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அந்த நல்ல குணம் வாய்க்கவில்லை.

யுத்த காலத்தில், நாற்பத்து நாலாம் வருஷம் ஐப்பசி மழையில் ஆரம்பித்தது இது. காசியின் அப்பா, என் சித்தப்பா தணிகாசலம், தாய்மாமன் வீட்டைப் பார்க்கக் கல்லேரிக்குப் போயிருந்தார். வாலாஜாபாத் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர் அது. சித்தப்பா சின்ன வயசில் அங்கேயே வளர்ந்தவர், அதனால் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவருக்குத்தான் நீச்சல் தெரியும். அந்த ஊர் ஏரிக்குள் ஒரு பெரும்பள்ளம் உண்டு. எந்தக் காலத்திலோ கோயில் கட்டக் கல் வெட்டியெடுத்த இடம். கோடையில் ஏரி வறண்டு மாடு மேய்ந்தாலும் கல்லுக்குழியில் மட்டும் தண்ணீர் கருப்பாக நிற்கும்.

அன்று மத்தியானம் ஒரு சண்டை விமானம் புகைந்துகொண்டே வந்து அந்த ஏரியில் விழுந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வழுக்கி வந்து, கல்லுக்குழியின் விளிம்பில் மூக்கு உள்ளேயும் வால் மேலேயுமாக நின்றது. ஊர் முழுக்கக் கரையில் நின்று வாயைப் பிளந்தது. சித்தப்பா மட்டும் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு குதித்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு வெள்ளைக்காரன் தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். அவன் உடம்பைச் சுற்றித் தடித்த வார். வார்கள் எல்லாம் மார்பில் ஒரு பூட்டில் வந்து சேர்ந்தன. அந்தப் பூட்டைத் திருகித் தட்டினால் திறந்துகொள்ளும் என்று பிற்காலத்தில் காசி சொன்னான். சித்தப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? நூல் அறுக்க இடுப்பில் எப்போதும் செருகியிருக்கிற சின்னக் கத்தியை எடுத்து வாரை அறுத்தார். அவன் மெத்தை போன்ற ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்ததாகவும், வாரை அறுத்ததும் மெத்தை இருக்கையிலேயே தங்கிவிட்டதாகவும் சித்தியிடம் சொல்லியிருக்கிறார். அவனைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். பின்னாலேயே விமானம் குழிக்குள் இறங்கிவிட்டது.

பட்டாளத்து லாரி வந்து நினைவு தப்பிய வெள்ளைக்காரனை அள்ளிப் போட்டுக்கொண்டு போனது. அவன் பிழைத்தானாம், மறுபடி பர்மாப் பக்கம் போனானாம். எங்களுக்கு நன்றியும் வரவில்லை, சாட்சியும் வரவில்லை.

பதிலுக்குப் போலீஸ் வந்தது. விமானத்தில் இருந்த குடையைக் காணோமாம். பாராசூட்டைத்தான் எங்கள் ஊரில் குடை என்று சொன்னார்கள். வாரை அறுத்தது யார் என்று கேட்டதும், "நான்தான் சாமி அறுத்தேன்" என்று சித்தப்பா முன்னால் போய் நின்றார். ஏதோ பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. வாரை அறுத்தவன் குடையை விட்டுவைப்பானா என்று அவர் வீட்டைச் சோதனை போட்டார்கள். பரண்மேல் சாயம் போடாத வெள்ளைப் பட்டுத் துணி ஒரு சுருள் கிடைத்தது.

அந்தப் பட்டு மாணிக்கவாசகத்தின் பட்டு. மாணிக்கவாசகம் பட்டுக்கடை முதலாளி, எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைக்கிறவர். யுத்தத்தில் பட்டுநூலுக்குத் தட்டுப்பாடு, இருக்கிறதைக் கணக்குக் காட்ட வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. இவர் நூலைப் பதுக்கி, நம்பிக்கையான ஆட்களிடம் கொடுத்து, கரையோ ஜரிகையோ இல்லாத வெள்ளைத் துணியாக நெய்து வாங்கிக் கள்ளத்தில் விற்றுக்கொண்டிருந்தார். நம்பிக்கையான ஆளாக இருந்ததுதான் என் சித்தப்பா செய்த குற்றம்.

"இது எங்க மொதலாளி பட்டுங்க" என்று சித்தப்பா சொன்னார். முதலாளியைக் கூப்பிட்டார்கள்.

மாணிக்கவாசகத்தின் மூக்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். துணியிலிருந்து ஓர் இழையை உருவி, தீக்குச்சியில் காட்டி, புகையை முகர்ந்து, பட்டா கலப்படமா என்று சொல்லிவிடுவார். இழையைக் கொளுத்திப் பார்ப்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பட்டென்றால் மயிர் பொசுங்குகிற வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். ஆனால் அவர் அதை ஒரு பூஜை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு செய்வார். ஊரில் அவருக்கு மூக்கு முதலாளி என்றே பெயர்.

போலீசுக்கு முன்னாலும் அதே பூஜையை நடத்தினார். என்னுடையது என்று சொன்னால் பதுக்கல் கேஸில் தான் உள்ளே போக வேண்டும். முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுத்தமான பட்டுதாங்க. ஆனா எம் பட்டு இல்ல. கரை இல்லாம, ஜரிக இல்லாம இப்படி மொட்ட வெள்ளையா நம்மூர்ல எவன் நெய்யறான்? இது ஆகாயக் கப்பல் குடைத் துணி."

கோர்ட்டிலும் போய் இன்னொரு இழையைக் கொளுத்தி முகர்ந்து அதையே சத்தியமாகச் சொன்னார். மாஜிஸ்திரேட்டு ஜென்மத்தில் பாராசூட்டைப் பார்த்தவர் இல்லை. பட்டாளத்து அதிகாரி வரவே இல்லை.

இதில் எங்கள் ஊர்க்காரர்களின் மண்டையைத்தான் நான் நொந்துகொள்கிறேன். குடை பட்டாகத்தான் இருக்கும் என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. உயிர் தொங்குகிற துணி, அதைப் பட்டில் செய்யாமல் வேறு எதில் செய்வான்? உலகத்தில் நல்ல துணி எல்லாம் பட்டு என்று நம்பிப் பிழைக்கிற ஊர். சித்தப்பாகூட, குடையை நான் எடுக்கவில்லை என்றுதான் அழுதாரே தவிர, குடை பட்டுதானா என்று கேட்கவில்லை. யுத்தத்தில் ராணுவச் சொத்தைத் திருடியவர் என்று வேலூர் ஜெயிலில் போட்டார்கள்.

திரும்பி வந்தவரை ஜெயிலைவிடத் தெரு நன்றாகக் கொன்றது. பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடுகிற இழைகள். விடியற்காலையில் தெருநீளத்துக்கு அதை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, சிக்கெடுத்து, காயவைத்துச் சுருட்ட வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற வேலை இல்லை. எவன் வீட்டுப் பாவாக இருந்தாலும் தெருவே வந்து கை கொடுக்கும். கூலி கிடையாது, கூப்பிடவும் வேண்டாம். சண்டைக்காரன் பாவுக்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு கை கொடுத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம்.

திருடன் பாவைத் தொடுகிறவனுக்கு என்னிடம் நூல் கிடையாது என்று மாணிக்கவாசகம் சொல்லியனுப்பினார். ஜெயிலிலிருந்து வந்த சித்தப்பா எங்கேயோ கெஞ்சி நூல் வாங்கி, முதல் பாவைத் தெருவில் இழுத்துக் கட்டினார். ஒருத்தன் வரவில்லை. என் அப்பா, அவர் கூடப் பிறந்த அண்ணன், உள்ளே தறியில் உட்கார்ந்துகொண்டு இல்லாத முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவும் சித்தி அங்கம்மாளும் சின்னப் பையன் காசியும் அந்த நீளப் பாவோடு மல்லுக்கட்டினார்கள். வெயில் ஏறிக் கஞ்சி காய்ந்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தமும் பாழ். அதற்குப் பிறகு சித்தப்பா தறியில் உட்காரவில்லை. சாயப்பட்டறையில் கூலிக்கு நின்றார். சாயப்புகையோ மனப்புகையோ, இருமி இருமிச் செத்தார்.

பிணத்தைத் தூக்கிய அன்றைக்கே சித்தி பட்டுக்கடை வாசலுக்குப் போய்த் தெருமண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றினாள். "உன் வாயாலயே நீ கெட்டுப் போவணும்டா! உன் மூக்கே உன்ன அறுக்கணும்டா!" என்று அவள் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. சாபம் தானாகப் பலிக்கும் என்று சொல்வார்கள். நான் நம்பவில்லை. சாபத்துக்கும் யாராவது கை கொடுக்க வேண்டும்.

காசி மதராஸுக்கு ஓடினான். துறைமுகத்தில் மூட்டை தூக்கினான், பிறகு கப்பல் அடியில் வேலை எடுக்கிற ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்தான். அந்தக் காலத்தில் தலையில் செம்பு அண்டாவைக் கவிழ்த்து, மேலே படகில் ஆட்கள் நின்று காற்று அடிக்க, இரும்புச் செருப்போடு கடலில் இறங்குவார்கள். அந்தச் சாமான்களையும் படகையும் கல்லேரிக்குக் கொண்டுவர முடியாது. அதனால் காத்திருந்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் என்னோடு சைக்கிளில் கல்லேரி போய், குழித் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவான். மூச்சையே சேர்த்துவைக்கிறவன் பேச்சை வாரியா இறைப்பான்? விமானக்காரன் உட்காருகிற மெத்தைக்குள்தான் குடையை மடித்து வைப்பார்கள் என்று துறைமுகத்தில் தெரிந்துகொண்டு வந்து, ஒரே ஒரு தடவை சொன்னான்: "ஆதிண்ணா, அந்த மெத்த இன்னும் சீட்டுலயேதான் இருக்குது. எவனும் எடுக்கல."

எவனும் எடுக்க மாட்டான். கல்லுக்குழியில் வெள்ளைக்காரன் பேய் இருப்பதாகக் கல்லேரி முழுக்கப் பேச்சு. சாகாதவன் எப்படிப் பேயாக வருவான் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

கான்ட்ராக்டர் முதுகில் கட்டுகிற சிலிண்டர்களை வாங்கினார். காசி அதில் தேறினான். எழுபத்தொன்றாம் வருஷம் சித்திரையில், ஏரி வறண்டு குழித் தண்ணீரும் தாழ்ந்திருந்த சமயம், கான்ட்ராக்டரிடம் கேட்டு ஒரு ஜோடி சிலிண்டரோடு வந்து இறங்கினான். பஸ்ஸின் மேல் ஏற்றும்போது கண்டக்டர், "என்னப்பா, சோடா கம்பெனி வைக்கப் போறியா?" என்று கேட்டானாம். "ஆமா, ஒருத்தருக்கு ஏப்பம் வரவெக்கணும்" என்றானாம் இவன். காசி சொன்ன ஒரே தமாஷ் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் நெசவுக்காரன், எனக்குத் தண்ணீர் என்றால் பயம். ஆனால் கயிற்றைப் பிடிக்கிற வேலையை என்னிடம்தான் கொடுத்தான். "ஒரு இழுப்பு இழுத்தா நல்லாருக்கேன்னு அர்த்தம். ரெண்டு இழுத்தா கயிறு விடு. மூணு இழுத்தா யோசிக்காம இழு. வேற யாரு கையிலயும் குடுக்காத." கண்ணாடி முகமூடியும் வாத்துக்கால் மாதிரி ரப்பர் செருப்புமாக அவன் பாறையில் இறங்கியபோது கல்லேரிக்காரர்கள் கரையில் நின்று கற்பூரம் கொளுத்தினார்கள். பேய்க்கா, இவனுக்கா தெரியவில்லை.

தண்ணீரில் குமிழி கிளம்பி நகர்ந்துகொண்டே போனது. உள்ளே நடந்ததைப் பிறகுதான் சொன்னான். இரண்டு ஆள் ஆழம் வரைக்கும் பச்சை வெளிச்சம், அதற்குக் கீழே இருட்டு. கை வைத்த இடத்தில் எல்லாம் சேறு கிளம்பி முகத்தை மூடிக்கொண்டது. முதலில் ஒரு றெக்கை தட்டுப்பட்டது, பாசி பிடித்து வழவழவென்று. அதைத் தடவிக்கொண்டே போய்க் கூண்டைப் பிடித்தான். நாங்கள் விளக்கில்லாதபோது விரலாலேயே இழை தேடிப் பிணைக்கிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு விரலால்தான் பார்த்தான். திறந்துகிடந்த கூண்டுக்குள் கையை விட்டதும் ஒரு கெளுத்தி மீன் முள்ளால் குத்திவிட்டு ஓடியது. முழங்கை வரைக்கும் சேற்றில் விட்டுத் துழாவினான். இருக்கை கிடைத்தது. இருக்கைமேல் வார் கிடைத்தது. வாரின் நுனியைத் தடவிப் பார்த்தான். கத்தியால் அறுத்த நேர்வெட்டு.

"எங்கப்பா கையத் தொட்ட மாதிரி இருந்துதுண்ணா" என்றான். முகமூடிக்குள் அழுதால் கண்ணாடி பனிபடர்ந்துவிடும், துடைக்க முடியாது என்று அதையும் அடக்கிக்கொண்டானாம்.

அந்த நேரத்தில் மேலே கயிறு அசையவே இல்லை. நான் அத்தனை சாமியையும் கூப்பிட்டேன். இவனும் போய்விட்டால் சித்திக்கு என்ன பதில் சொல்வேன்? திடீரென்று மூன்று இழுப்பு. பாறையில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். கல்லேரி ஆட்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். காசி மேலே வந்தான். அவன் நெஞ்சோடு கட்டிப்பிடித்திருந்தது ஒரு சேற்று மூட்டை, ஊறின மெத்தை அளவு.

பட்டு இந்நேரம் மக்கி மண்ணாகியிருக்கும், அறுத்த வாரும் கொக்கியும் கிடைத்தாலே போதும் என்றுதான் அவன் போனான். பையைப் பிரித்தால் உள்ளே மடிப்புக் கலையாமல் துணி. வெளி மடிப்பில்தான் கறை. உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. என் கை சும்மா இருக்குமா? ஓர் இழையை உருவினேன். உருவும்போதே உறுத்தியது. வெயிலில் காய விட்டு, ஒரு தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினேன்.

பொசுங்கவில்லை. உருகிச் சுருண்டு, நுனியில் கடுகளவு உருண்டையாக நின்றது. நசுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. மயிர் வாடையும் இல்லை.

"காசி, இது பட்டு இல்லடா."

"பின்ன?"

"நைலான்டா. நைலக்ஸ் சேல எரியற மாதிரியே எரியுதுடா."

அந்த வருஷங்களில் நைலக்ஸ் சேலை வந்து எங்கள் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதனால் அந்த நாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குடை பட்டே இல்லை என்றால், சித்தப்பா வீட்டில் கிடைத்த பட்டு குடைத்துணியாக இருக்கவே முடியாது. அது மாணிக்கவாசகத்தின் பட்டுதான். இது எங்களுக்குப் புரிந்து என்ன பயன்? கோர்ட்டு மறந்துபோன கேஸ். எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால், இது வேறு குடை என்பார், அந்த நூல் வேறு என்பார். வாய் உள்ள ஆள்.

"அவரு வாயாலயே சொல்லவெக்கணும்" என்றான் காசி. சித்தியின் சாபம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

வைகாசி முகூர்த்தத்தில், கருட சேவைக்கு வந்த கூட்டமும் சேர்ந்து பட்டுக்கடையில் கால் வைக்க இடமில்லாத ஒரு நாள் போனோம். கடை பெரிதாகியிருந்தது. மாணிக்கவாசகமும் பெரிதாகியிருந்தார், வெள்ளை மெத்தையில் சாய்ந்துகொண்டு மதராஸ்காரப் பெண்களுக்குத் தீக்குச்சி பூஜை காட்டிக்கொண்டிருந்தார். பின்கட்டில் சேலை கொண்டுவந்த நெசவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கல்லேரி ஆட்கள் சிலர் மூட்டையோடு வாசலில் நின்றார்கள். என்னை அவருக்குத் தெரியும் என்பதால் நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். பேண்ட் சட்டையில் இருந்த காசியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

காசி வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை நீட்டினான். "பெரியவரே, நான் மெட்ராஸ்லேந்து வரேன். இதப் பட்டுன்னு சொல்லி ஒருத்தர் எங்க குடும்பத்துத் தலையில கட்டிட்டாரு. நீங்க பாத்து சொன்னா தெளிஞ்சுக்குவேன்."

"அதுக்கென்ன தம்பி, வா" என்று அவர் இழையை உருவினார். குச்சி கிழித்தார். கண்ணை மூடினார். மூடின கண் உடனே திறந்துகொண்டது. விழுந்து விழுந்து சிரித்தார். "எவன்பா உன்ன ஏமாத்துனவன்? இது நைலான்பா! பட்டுப்புழு இதப் பாத்தா தூக்குப் போட்டுக்கும்." கடையே சிரித்தது.

"நல்லா பாருங்க பெரியவரே. நிச்சயந்தானா?"

அங்கேதான் ஆள் விழுந்தார். நாங்கள் தள்ளவில்லை, அவராகவே விழுந்தார். "என்னப்பா இப்படிக் கேட்டுட்ட? இந்த மூக்கக் கோர்ட்டுலயே சாட்சியா வச்சிருக்காங்க தெரியுமா? யுத்தத்துல ஒரு ஏரோப்ளேன் நம்ம பக்கம் ஏரியில வுழுந்துது. ஒரு நெசவுக்காரன் அதுல இருந்த குடைப் பட்டத் திருடிட்டான். இந்த மூக்குதான் அவன உள்ள தள்ளுச்சு!"

காசி வாசல் பக்கம் தலையை அசைத்தான். கல்லேரிக்காரர்கள் மூட்டையைக் கொண்டுவந்து வெள்ளை மெத்தைமேல் வைத்தார்கள். கொக்கி, பூட்டு, அறுந்த வார், மடித்த துணி எல்லாம் சேற்று வாடையோடு அங்கே பரவின.

"இதான் அந்தக் குடை" என்றான் காசி. "கல்லுக்குழியில, அந்த ஏரோப்ளேன் சீட்டுல இருந்துது. நான்தான் முங்கி எடுத்தேன், இந்த ஊர்க்காரங்க எல்லாம் பாத்தாங்க. இது எங்கப்பன் அறுத்த வாரு. இப்ப நீ கொளுத்தனது இந்தத் துணிதான். நான் தணிகாசலம் புள்ள."

மாணிக்கவாசகத்தின் கையில் தீக்குச்சி இன்னும் இருந்தது.

"எங்கப்பன் வூட்டுல கெடச்சது பட்டுன்னு அன்னிக்கிக் கோர்ட்டுல மோந்து பாத்து சொன்ன. இந்தக் குடை நைலான்னு இன்னிக்கி மோந்து பாத்து சொல்ற. ரெண்டும் ஒரே மூக்கு. அப்ப அந்தப் பட்டு யாருதுபா?"

பின்கட்டிலிருந்து பரசுராமன் என்கிற கிழவர் எழுந்து வந்தார். அவரும் எங்கள் தெருதான். "அந்த மொட்ட வெள்ள நானும் நெஞ்சேன். நூலு இவருதுதான். போலீசு என் வூட்டுக்கு வந்திருந்தா நான் போயிருப்பேன் ஜெயிலுக்கு" என்றார். இத்தனை வருஷமாக வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர் என்று கேட்க என் நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். மதராஸ்காரப் பெண்கள் எடுத்து வைத்த சேலைகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்கள். அதில் ஒருத்தி போகிற போக்கில், "இதெல்லாம் பட்டுதானா, யாரு கண்டா?" என்றாள். அந்த வார்த்தைக்கு அவளுக்கு நான் ஒரு சேலை சும்மாவே நெய்து கொடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் முதலில் வத்திப்பெட்டி கேட்டார்கள். அவர் காட்டினால் நம்பாமல் தாங்களே கொளுத்திப் பார்த்தார்கள். மூக்கு முதலாளி என்ற பெயர் போய் நைலான் முதலாளி ஆனார். பட்டு விற்கிற ஊரில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. நெசவுக்காரர்கள், தங்கள் பழைய கோழைத்தனத்துக்குச் சேர்த்துவைத்து, அவருக்குச் சேலை கொண்டுபோவதை நிறுத்தினார்கள். எனக்குப் பசி நன்றாக எடுத்தது, தூக்கம் நன்றாக வந்தது.

ஆள்மேல் ஆள் அனுப்பினார். பணம் தருகிறேன், தறி போட்டுத் தருகிறேன் என்றார். காசி ஒரே பதில் சொன்னான்: "துட்டு வாணாம். எங்கம்மா வாசல்ல பாவு இழுத்துக் கட்றோம். தெரு பாக்க வந்து, செஞ்சத வாயால சொல்லிட்டு, அந்தப் பாவுக்குக் கை குடுக்கச் சொல்லு."

சித்தி வீட்டில் தறியும் இல்லை, பாவும் இல்லை. நான் அடுத்த சேலைக்கு வைத்திருந்த பாவைக் கொடுத்தேன். ஆனி மாதத்து விடியற்காலையில் அதைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டினோம். அன்று கை கொடுக்க எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா! இழைக்கு ஒரு ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. என் அப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவரும் வந்து முன்னால் நின்றிருப்பார், அதையும் பார்த்து நான் பல்லைக் கடித்திருப்பேன்.

மாணிக்கவாசகம் வந்தார். அங்கவஸ்திரத்தை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "தணிகாசலம் திருடல. அந்தப் பட்டு என்னுது. நான் பொய் சாட்சி சொன்னேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். குனிந்து கஞ்சிப் பானையில் இரண்டு கையையும் விட்டு, பாவில் தடவ ஆரம்பித்தார். பழைய நெசவுக்காரர், கை மறக்கவில்லை. சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அங்கம்மாளுக்குப் பெரிய மனசு" என்று யாரோ சொன்னார்கள்.

சித்தி வாசலிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். என் இடுப்பில் இருந்த நூல் அறுக்கிற கத்தியை உருவிக்கொண்டாள். என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் அவர் கை வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் போய், பாவின் குறுக்கே வைத்து அறுத்தாள். வீட்டில் பிணம் விழுந்தால்கூடக் கட்டின பாவை அறுக்க மாட்டோம். விறைத்து நின்ற இழைகள் கொத்துக் கொத்தாகத் தெறித்துத் தரையில் விழுந்தன. கஞ்சி அவர் வேட்டியில் தெறித்தது.

"எம் புருசன் பாவுக்கு ஒரு கை வரக்கூடாதுன்னு சொன்னவன்டா நீ. உன் கை பட்ட பாவு என் வாசல்ல கெடக்கக் கூடாது" என்றாள் சித்தி. குரல் உயரவே இல்லை. "போ. கை கழுவ எங்கூட்ல தண்ணி கெடைக்காது."

அவர் நிமிர்ந்து, கஞ்சிக் கையை உடம்பில் படாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாசலாகப் பார்த்தார். எல்லா வாசலிலும் ஆள் இருந்தார்கள், குடம் இருந்தது. ஒருத்தரும் எடுத்து ஊற்றவில்லை. கை கொடுக்காமல் நிற்பது எப்படி என்று எங்கள் தெருவுக்கு அவர்தானே கற்றுக்கொடுத்தவர். கஞ்சி காய்ந்து விரல்கள் ஒட்டிக்கொள்ள, அப்படியே தெருக்கோடி வரைக்கும் நடந்து போனார். காசி என் பக்கத்தில் நின்று, தண்ணீரிலிருந்து வெளியே வந்தவன் மாதிரி நீளமாக ஒரு மூச்சு விட்டான். எனக்கு அடிவயிறு வரைக்கும் குளிர்ந்தது. அறுந்து கிடக்கிற பாவு என்னுடையது என்பது அவர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.